நட்சத்திர வெளிச்சத்தில் தலைவர்கள்



தலைவர் ஒருவரின் சொந்த வாழ்க்கைத் தவறு வெளியே வந்தால் என்ன ஆகிறது? அமெரிக்காவை வைத்தே சொல்கிறேன். உள்ளூர் உதாரணம் சொன்னால் நம் செயலாளர் மைக்கை அணைத்துவிடுவார்!

கென்னடி காலத்தில் நிருபர்கள் பலர் காதிலும் விஷயம் விழுந்திருந்தது. ஆனால் எழுதவில்லை. 1974-ல் 'பீப்பிள்' பத்திரிகை வந்தது. பிரபலம் என்றால் நடிகரும் சரி, செனட்டரும் சரி, ஒரே பந்திதான் என்றாகிவிட்டது.

1987 மே மாதம். கேரி ஹார்ட் என்பவர் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் முன்னணியில் இருந்தார். 'மயாமி ஹெரால்ட்' நிருபர்கள் அவர் வீட்டு வாசலில் ஒளிந்து காவல் காத்தார்கள். உள்ளே ஒரு பெண் இருப்பதாக மே 3 அன்று செய்தி. "முடிந்தால் என் பின்னாலேயே வந்து பாருங்கள்" என்கிற பாணியில் அவர் விட்ட சவால்தான் காரணம் என்று இன்றும் சொல்லுவாங்க. உண்மையில் அந்தப் பேட்டி வெளியானதும் அதே மே 3-தான்! நிருபர்கள் அதற்கு முன்பே போய் நின்றுவிட்டார்கள். மூன்றாம் நாள், "நீங்கள் சோரம் போனதுண்டா?" என்று கூட்டத்தில் நேராகவே ஒருவர் கேட்டார். அது உங்கள் வேலையில்லை என்கிற தோரணையிலேயே நின்றார் ஹார்ட். 8-ஆம் தேதி விலகினார். மடியில் பெண் அமர்ந்திருக்கும் அந்தப் பிரபலமான புகைப்படம் வெளிவந்ததே அதற்கப்புறம்தான்.

ஐந்தே வருஷம். 1992 ஜனவரி. கிளிண்டன் மீது ஒரு பெண் 'ஸ்டார்' பத்திரிகையில் குற்றம் சொன்னார். கதைக்குக் காசும் வாங்கினார். கிளிண்டன் ஒளியவில்லை. மனைவியோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டிவியில் பேட்டி கொடுத்தார், அதுவும் நாடே விழித்திருக்கும் சூப்பர் பவுல் ஆட்டம் முடிந்த கையோடு! இல்லறத்தில் வலி உண்டாக்கியதாக ஒப்புக்கொண்டார், விவரம் சொல்லவில்லை. ஜூனில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆர்செனியோ ஹால் நிகழ்ச்சியில் சாக்ஸபோன் வாசித்தார். நவம்பரில் ஜெயித்தார். இரண்டு பேரில் யார் பெரிய தப்பு செய்தவர் என்று யாரும் எடைபோடவில்லை. யாருக்குக் காமிரா முன் நிற்கத் தெரிந்தது என்பதுதான் கணக்கு என்று எனக்குப் படுகிறது.

1998-ல்தான் இதன் விலை தெரிந்தது. மோனிகா லெவின்ஸ்கி விவகாரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நாட்டின் ஜனாதிபதி, தன் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த 22 வயதுப் பெண்ணிடம் அப்படி நடக்கலாமா? சத்தியப் பிரமாணம் எடுத்துவிட்டுப் பொய் சொல்லலாமா? இரண்டாவதாவது செனட் வரை போனது. 1999 பிப்ரவரியில் விடுதலை. முதல் கேள்வியை ராத்திரி நேர டிவி ஜோக்குகள் விழுங்கிவிட்டன. பிரதிநிதிகள் சபை அவர்மேல் குற்றம் சுமத்திய டிசம்பரில் காலப் கணிப்பில் அவருக்கு ஆதரவு 73 சதவீதம்! கதாநாயகன் அடிபட்டால் ரசிகர் கூட்டம் கூடத்தானே செய்யும்?

அந்தப் பெண்ணைப் பாருங்க. 1999 மார்ச்சில் அவர் கொடுத்த டிவி பேட்டியைச் சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள். 2014-ல், எல்லாம் என் சம்மதத்தோடுதான் என்று எழுதியவர், 2018-ல்தான் அந்த உறவில் இருந்த அதிகார ஏற்றத்தாழ்வைப் பற்றி எழுதினார். இருபது வருஷம் ஆயிற்று, அதை அவரே எழுத.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். கேள்வி இருக்கும் தம்பி தங்கைகள் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.