குடித்த இரவும் மறுநாள் காலையும்

(சபை மாதர் ஐக்கியக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாங்கள் வார்டுகளைச் சுற்றி வரும்போது தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ராத்திரி குடிக்கிறார். காலையில் தலைவலி, வாந்தி என்று சுருண்டு கிடக்கிறார். அது ஏன்?" மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நம் சரீரத்தில் மதுவை அழிக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அது மதுவை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றி, பின்பு அந்த நச்சைத் தீங்கற்றதாக்குகிறது. இந்த வேலையை யாரும் அவசரப்படுத்த முடியாது. மணிக்கு ஏறக்குறைய 8 கிராம் மட்டுமே தீரும். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அப்படியானால் இரவு 10 மணிக்குக் குடித்தவரின் கல்லீரல் விடியும்வரை உழைக்கிறது. மோரும் எலுமிச்சைச் சாறும் கடுங்காப்பியும் அதை வேகப்படுத்தாது.

மேலும், சிறுநீர் அளவுக்கு மிஞ்சிப் பிரியாதபடி காக்கும் சுரப்பு ஒன்று மூளையிலிருந்து வருகிறது. மது அதை அடக்கிவிடுகிறது. ஆகவே நீர் வெளியேறி, நாவு வறண்டு, தலை சுற்றுகிறது. இரைப்பையின் உட்தோல் புண்பட்டுக் குமட்டல் உண்டாகிறது. சாப்பிடாமல் குடித்தவருக்கு இரத்தத்தில் சர்க்கரையும் குறைகிறது. மது தூக்கத்தைக் கொடுப்பதுபோல் கொடுத்து, பின்னிரவில் அதைக் கலைத்தும் விடுகிறது. இந்தத் தலைவலிக்குக் கண்ட மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் வயிற்றுப் புண்ணை அதிகமாக்கும்; பாராசிட்டமால் களைத்த கல்லீரலுக்குச் சுமையாகும்.

"காலையில் ஒரு கட்டிங் போட்டால் சரியாகும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். வேதனை சற்றுத் தணிவது உண்மைதான். ஆனால் அடிமைத்தனத்தின் வாசல் அதுவே. விழித்ததும் மறுபடியும் மதுவைத் தேடும் மனிதனை நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் அன்றே காட்டியிருக்கிறது.

முக்கியமான ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணத் தலைவலியும் குமட்டலும் நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல காலமாய் நாள்தோறும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் நடப்பது வேறு. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அது குறையாமல் கூடிக்கொண்டே போகலாம். 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாட்களில் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் காணலாம். பேய் பிடித்தது என்று எண்ணி வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

லெந்து நாட்களின் துவக்கத்திலும் புத்தாண்டு ஆராதனையிலும் எத்தனையோ பேர் கண்ணீரோடு பொருத்தனை செய்து, அன்றே குடியை நிறுத்துகிறார்கள். அந்தத் தீர்மானத்துக்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனாலும், தினமும் குடித்தவர் பொருத்தனை செய்த அன்றே மருத்துவரிடம் வரட்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்தைச் சில நாட்கள் கொடுத்துப் படிப்படியாய்க் குறைப்பார்கள். மூளையைக் காக்கும் தயாமின் என்னும் பி1 வைட்டமின் ஊசியும் போடுவார்கள். ஜெபியுங்கள், அதோடு வண்டியும் பிடியுங்கள்.

வெட்கத்தினால் இதை மறைத்து வைக்கும் மனைவிமார் நம் சபையிலும் இருக்கலாம். அவர்களைக் குறைகூறாமல், கூட வந்து ஆஸ்பத்திரி வாசல்வரை துணைநில்லுங்கள். கையில் பணமில்லாமல் வருகிறவர்களுக்கும் படுக்கையும் மருந்தும் கிடைப்பது உங்கள் காணிக்கைகளால்தான். கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.