மாடில்லா வீட்டின் அடுப்பு



நம் ஊருக்கு அடுத்துள்ள காந்திகிராமத்தில் 1956-இல் தொடங்கப்பெற்ற ஊரக நிறுவனம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்குள்ள ஊரக எரிசக்தி மையத்தில் கதிரொளியும் சாண எரிவாயுவும் ஆராயப்படுகின்றன. நான் வரலாறு பயின்றவன், பொறியியல் அறியேன். ஆயினும் ஒரு கணக்கு என்னை உறுத்துகின்றது.

காற்றுப் புகாத கலனில் சாணத்தைச் சம அளவு நீரில் கரைத்து விட்டால், நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து மீத்தேன் மிகுந்த வாயுவைத் தரும். 1 கனமீட்டர் வாயுவுக்கு ஏறத்தாழ 25 கிலோ சாணம். ஒரு குடும்பத்துக்குரிய 2 கனமீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ; அதாவது நான்கைந்து மாடுகள். நம் தெருவில் எத்தனை வீட்டில் நான்கு மாடுகள் உள்ளன? பிறர் தொழுவத்தில் சாணம் அள்ளிய என் தாயார், தம் வீட்டில் வேலிக்கருவை விறகின் புகையிலேதான் சமைத்தார்.

இக்கேள்வியை ஆய்வகத்தில் எழுப்ப நம் பிள்ளைகள் அங்கே இருத்தல் வேண்டும். காய்கறிக் கழிவிலும் மிஞ்சிய சோற்றிலும் இவ்வாயு உண்டாகும். கழிவைக் கையால் அள்ளாத முறையில் தெருவுக்கொரு பொதுக்கலன் அமைப்பது எங்ஙனம்? பொறியியல் பயிலும் நம் மாணவர்களும், பயின்று பணியில் அமர்ந்தோரும் விடுமுறையில் வந்து வரைந்து காட்டுங்கள். சங்கக் கட்டடத்தின் பின்புறம் இடம் இருக்கின்றது.