உஸ்குதார் கரையில் ஒரு மாலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

வெளிநாடு சென்று மீண்டவர்கள் அங்குக் கண்ட மாளிகைகளையும் கோட்டைகளையும் பற்றிப் பேசுவது வழக்கம். அவற்றைப் படங்களிலேயே எவரும் கண்டுகொள்ளலாம். ஆதலின், சென்ற கோடை விடுமுறையில் துருக்கி நாட்டு இஸ்தான்புல் நகரில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவருடன் நாங்கள் கழித்த ஒரு மாலைப்பொழுதைப் பற்றி மட்டும் பேச விழைகின்றோம். அம்மாலையில் நாங்கள் கேட்ட செய்தி, தாய்நிலம் விட்டு வந்து இந்நகரில் வாழும் நமக்கு மிகவும் வேண்டுவது.

பெயாசித் பள்ளிவாசலை அடுத்துப் பழம்புத்தகக் கடைகள் நிறைந்த முற்றம் ஒன்று உண்டு. அங்கே நாங்கள் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டு நின்றபோது, எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எங்களை அணுகி ஆங்கிலத்தில் நலம் உசாவினார். பள்ளியில் நிலநூல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் அவர். "இந்தியாவிலிருந்து வந்தவர்களா? இன்று மாலை நீங்கள் என் விருந்தினர்" என்றார். முன்பின் அறியாமல் வந்த விருந்தினரை அந்நாட்டார் 'இறைவனின் விருந்தினர்' என்று சொல்வார்களாம். விருந்தோம்பலை அறமாகப் போற்றும் நமக்கு அச்சொல் புதிதாகத் தோன்றவில்லை.

கடைவீதிச் சரிவில் இறங்கி எமினோனு படகுத்துறையை அடைந்தோம். கட்டணம் செலுத்த எங்களை அவர் விடவில்லை. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள உஸ்குதாருக்குப் படகில் சென்றோம். கால் மணி நேரத்துக்குச் சற்றே மிகுந்த பயணம். ஆயினும் ஒரு கண்டத்தினின்றும் மற்றொரு கண்டத்திற்குச் சென்றுவிட்டோம்!

படகில் சொற்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. தேநீரை அவர்கள் 'சாய்' என்கிறார்கள். புத்தகம் 'கிதாப்', எழுதுகோல் 'கலெம்', உலகம் 'துன்யா'. இந்நகரில் நாள்தோறும் இந்தி கேட்டுப் பழகிய எங்கள் செவிகளுக்கு அவை பழைய நண்பர்கள் போல ஒலித்தன. திறந்த வெளியை அவர்கள் 'மெய்தான்' என்றபோது, எங்கள் ஊர்ச் சிறுவர் பந்தாடும் மைதானமே நினைவிற்கு வந்தது. அரபியிலும் பாரசீகத்திலும் பிறந்த சொற்கள் மேற்கே துருக்கி வரையிலும் தெற்கே தமிழகம் வரையிலும் நடந்திருக்கின்றன.

உறவுமுறைச் சொற்கள் எங்களை இன்னும் வியப்பில் ஆழ்த்தின. தந்தையின் உடன்பிறந்தவர் 'அம்ஜா'. தாயின் உடன்பிறந்தவர் 'தாயி'. தந்தையின் சகோதரி 'ஹாலா'. தாயின் சகோதரி 'தெய்சே'. சிற்றப்பாவையும் மாமாவையும், அத்தையையும் சித்தியையும் நாம் வேறுபடுத்தி அழைப்பது போலவே அவர்களும் அழைக்கின்றனர். நம் குழந்தைகளோ அனைவரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்னும் இரண்டே சொற்களில் அடக்கிவிடுகிறார்கள்!

படகு திரும்புகையில் மரங்கள் அடர்ந்த ஒரு முனையை அவர் சுட்டிக்காட்டினார். அதன் பெயர் சராய்புர்னு. 1928 ஆகஸ்டு 9 அன்று மாலை, அங்கே கூடியிருந்த மக்களிடம், துருக்கி மொழி இனிப் புதிய எழுத்தில் எழுதப்படும் என்று முஸ்தபா கெமால் அறிவித்தார். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் அது சட்டமாயிற்று. டிசம்பரில் செய்தித்தாள்கள் மாறின. 1929 ஜனவரி முதல் புத்தகங்களும் மாறின. பல நூற்றாண்டுகள் வழங்கிய அரபு எழுத்து மறைந்து, இலத்தீன் எழுத்தின் வழிவந்த 29 எழுத்துகள் அரியணை ஏறின.

உஸ்குதாரில் இறங்கியதும், துறையருகே 1728-இல் மூன்றாம் அகமது சுல்தான் காலத்தில் எழுந்த பளிங்கு நீரூற்றின் முன் நின்றோம். அதன் நாற்புறமும் அழகிய கல்வெட்டுச் செய்யுள்கள். "இவற்றின் பொருள் யாது?" என்று வினவினோம். நண்பர் புன்முறுவல் செய்தார். "இதனை நான் பிள்ளைப் பருவம் முதல் பார்த்து வருகிறேன். இது என் தாய்மொழி என்பது தெரியும். ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது" என்றார்.

பின்னர்ச் சாலஜாக் என்னும் இடத்தில், கடலை நோக்கிய படிக்கட்டுகளில் அமர்ந்தோம். நீரின் நடுவே கன்னிக் கோபுரம். அதற்கு அப்பால் பழைய நகரத்தின் பள்ளிவாசல் கோபுரங்களுக்குப் பின்னே கதிரவன் மறைந்துகொண்டிருந்தான். இடை சிறுத்த சிறு கண்ணாடிக் குவளைகளில், சர்க்கரைக் கட்டிகளுடன் பாலில்லாத் தேநீர் வந்தது. குவளை காலியானதும் மறு குவளை வந்தது. "போதும் என்றால் கரண்டியைக் குவளையின் மேல் குறுக்கே வையுங்கள்" என்று நண்பர் சிரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தார்.

அங்கேதான் தம் வீட்டுச் செய்தியைச் சொன்னார். அவருடைய பாட்டனார் எழுதிய கடிதக் கட்டு ஒன்று வீட்டுப் பெட்டியில் இருக்கிறதாம். எல்லாம் பழைய எழுத்து. நெடுநாள் கழித்துப் பழைய எழுத்தறிந்த அறிஞர் ஒருவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். அதில் அரசியல் இல்லை. இரகசியம் எதுவும் இல்லை. வெளியூரிலிருந்த பாட்டனார், "முற்றத்து அத்திக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாயா?" என்று பாட்டியாரைக் கேட்டிருந்தார். "அந்த மரத்தில் ஏறி நான் கனி பறித்திருக்கிறேன். அதனை நட்டவர் யார் என்பது அன்றுதான் தெரிந்தது" என்று கூறி, நண்பர் சற்று நேரம் நீரையே நோக்கியிருந்தார்.

இதனால் எழுத்து மாற்றத்தை அவர் பழிக்கவில்லை. துருக்கி மொழியில் எட்டு உயிரொலிகள் உள்ளன. அரபு எழுத்தோ அவற்றைத் தெளிவாகக் காட்ட வல்லதன்று. 1927-இல் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் பத்தளவே. "என் தாயார் படித்தது புதிய எழுத்தினால்தான். கிடைத்ததும் பெரிது, இழந்ததும் பெரிது" என்றார். எழுத்தோடு சொற்களும் விரைந்து மாறின. முஸ்தபா கெமால் 1927-இல் ஆற்றிய பேருரையையே பின்வந்தோர்க்காக இக்காலத் துருக்கியில் பெயர்த்தெழுத வேண்டியதாயிற்று.

அன்பர்களே! துருக்கியர்க்கு அது ஒரு பெருந்திட்டத்தின் விலை. நாட்டின் நலன் கருதி, தெரிந்தே கொடுத்த விலை. நம் எழுத்தை எந்தச் சட்டமும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை. 1978-இல் தமிழ்நாட்டு அரசு சில எழுத்துகளின் வடிவைத் திருத்தியபோதும், பழைய நூலைப் படிக்க இயலாதவர் எவரும் இலர். ஆயினும் இந்நகரில் பிறந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ் படிக்கின்றனர்? வீட்டில் தமிழ் பேசுகின்றனர். செல்பேசியில் அதனை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். பாட்டியின் கடிதம் அவர்களுக்கு அந்தப் பளிங்கு நீரூற்றைப் போன்றது. காணலாம், வியக்கலாம், படிக்க இயலாது. அங்கே சட்டம் செய்ததை இங்கே அயர்வு செய்துவிடலாகாது.

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டுவதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று; இவற்றின் சேர்க்கை முறையை அறிந்துவிட்டால் 247 எழுத்துகளும் கைவந்துவிடும். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கும் பெற்றோரும், கற்பிக்க முன்வரும் ஓரிருவரும் இருந்தால் போதும். வரும் ஆண்டு விழாவில் மற்றொரு நிகழ்ச்சியையும் சேர்க்குமாறு செயற்குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம். ஒவ்வொரு வீட்டினரும் ஊரிலிருந்து வந்த பழைய கடிதம் ஒன்றைக் கொண்டுவரட்டும். அவ்வீட்டுக் குழந்தையே மேடையேறி அதனைப் படிக்கட்டும். மழை பெய்ததும், பசு ஈன்றதும், மாங்கன்று தளிர்த்ததும் அதில் இருக்கலாம். அவற்றை எழுதிய கை யாருடையது என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே படித்தறியட்டும்.