பெற்றோருக்கு ஓர் இல்லம் தேடும்போது
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் சென்னை, சிங்கப்பூர், துபாய் என்று போய்விட்டோம். அப்பாவும் அம்மாவும் ஆலங்குடியிலோ, கீரனூரிலோ, திருமயத்திலோ தனியாக இருக்கிறார்கள். பார்க்கிற நண்பர்கள் காதோடு காதாகக் கேட்கிறார்கள், "நல்ல முதியோர் இல்லம் ஏதாச்சும் தெரியுமாடா?" என்று. ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சத்தில், விசாரிக்காமல் அவசரமாகச் சேர்த்துவிடுகிறோம். ஆபத்தே அந்த அவசரத்தில்தான் இருக்கிறது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவில் வாழும் ஒருவர், தன் வயதான உறவினரை 2021-ல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தில் சேர்க்க ஏற்பாடு செய்தார். மறு ஆண்டு வந்து பார்த்தால் ஆள் இல்லை. பெங்களூருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கும் இல்லை. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் போய்ச் சோதித்தபோதுதான், உரிய அனுமதி இல்லாமலே அந்த இடம் நடந்தது வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். சேர்த்த அன்றைக்கே யாராவது, "பதிவுச் சான்றைக் காட்டுங்க" என்று கேட்டிருந்தால்?

முதியோர் இல்லம் நடத்துபவர்கள் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் கீழ் மாவட்ட சமூக நல அலுவலகம் மூலம் பதிவு செய்ய வேண்டும். மனநோயாளிகளை வைத்துப் பார்ப்பதென்றால், 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி தனிப்பதிவும் வேண்டும். டிரஸ்ட் பத்திரம் என்பது வேறு. வருமான வரி விலக்குச் சான்றும் வேறு. இவை இரண்டும் இல்லம் நடத்துவதற்கான அனுமதி ஆகிவிடாது.

என் தாயாருக்காக மூன்று இடங்கள் பார்த்தேன். முதல் இடத்தில் பதிவுச் சான்று கேட்டதும் டிரஸ்ட் பத்திரத்தை நீட்டினார்கள். "மத்ததுக்கு அப்ளை பண்ணியிருக்கோம் சார்" என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் சான்று சரியாக இருந்தது, தேதியும் முடியவில்லை. ஆனால் கழிவறைக்கு உயரமான படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மூன்றாவது இடத்துக்கு அம்மாவையே அழைத்துப் போனேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஆச்சியிடம், "ராத்திரி கூப்பிட்டா யாராச்சும் வருவாங்களா?" என்று கேட்டார்கள். "வருவாங்க, திட்டிக்கிட்டே வருவாங்க" என்றார் அந்த ஆச்சி. அம்மா என் பக்கம் திரும்பி, "திட்டினாலும் வர்றாங்கல்ல, இது போதும்டா" என்றார்கள். நான் பட்டியல் போட்டு வைத்திருந்த இருபது கேள்விகளில் அந்தக் கேள்வி இல்லை!

ஆகவே நண்பர்களே, சான்றிதழை முதலில் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று சமூக நல அலுவலகத்திலும் கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள். இரவில் யார் இருப்பார்கள், நெஞ்சுவலி என்றால் எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நிமிஷம், கட்டிய டெபாசிட் எப்போது திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லாம் சரியென்றாலும், அங்கே இருக்கப் போகிறவர் சம்மதம் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேர்த்ததோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பெற்றோரைக் கைவிட்டால் அதே 2007 சட்டத்தில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. முதியோருக்கு ஏதேனும் சிரமம் என்று தெரிந்தால் 14567 என்ற இலவச உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப்பக்கம் ஓர் இல்லம் இருந்தால், மாதம் ஒருமுறை போய் அரைமணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். வெளியாட்கள் வந்து போகிற இடத்தில் தப்பு நடப்பது கஷ்டம். துபாயில் இருக்கும் மகன் பார்க்க முடியாததை, சைக்கிளில் போகிற நீங்கள் பார்த்துவிடலாம்.