ஒரே வானம், வேறு வேறு ராசிக்கட்டம்



2020ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் திகதி, பொழுது பட்ட சற்று நேரத்தில், மேற்கு வானில் வியாழனும் சனியும் ஒட்டிக்கொண்டதுபோலத் தெரிந்தன. இரண்டுக்கும் இடைவெளி ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குதான். மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க் கரையில் நின்றாலும் இலண்டன் தெருவில் நின்றாலும், மேகம் மறைக்காத இடமெங்கும் அதே காட்சி.

அன்று சனி நின்ற ராசி எது? கும்பம் என்றார் மேற்கத்திய சோதிடர். திருக்கணித பஞ்சாங்கம் மகரம் என்றது. அந்தக் கணக்கில் சனி அவ்வருடம் ஜனவரியிலேயே மகரத்துக்கு வந்தாயிற்று. வாக்கிய பஞ்சாங்கத்தில் சனி இன்னும் தனுசை விட்டு இறங்கவில்லை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது ஆறு நாள் கழித்து, 27ஆம் திகதி. ஆனால் வியாழனை வாக்கியக் கணக்கு நவம்பரிலேயே மகரத்தில் ஏற்றிவிட்டது. கண்ணெதிரே ஒட்டி நின்ற இரண்டு கோளும் அந்தப் பஞ்சாங்கத்தில் இரண்டு வீட்டில் இருந்தன!

இந்த வேறுபாடுகள் எல்லாம் ஒரே காரணத்தால் வந்தவை அல்ல. மேற்கத்தியருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு, வானவட்டத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்பதில் இருக்கிறது. மேற்கத்தியரின் சாயன முறையில், மார்ச் 20 அல்லது 21இல் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் புள்ளியே மேஷத்தின் தொடக்கம். நம்முடைய நிராயன முறைக்கு நட்சத்திரங்களே எல்லைக்கல். பூமியின் அச்சு மெல்லச் சுழன்று ஆடுவதால் சமநாள் புள்ளி நட்சத்திரங்களிடையே பின்னோக்கி நகர்கிறது. ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு பாகை. கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலேயே கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் இந்த நகர்வைக் கண்டுவிட்டார். இப்படிச் சேர்ந்துபோன இடைவெளிக்கு அயனாம்சம் என்று பெயர். இன்று அது சுமார் 24 பாகை.

ஓலைத்தொடுவாயில் ஏப்ரல் 5ஆம் திகதி ஒரு பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலப் பத்திரிகை அதை மேஷக்காரப் பிள்ளை என்னும். நம் கட்டத்தில் சூரியன் இன்னும் மீனத்தில், மாதம் பங்குனி.

இதில் யார் சரி என்று சண்டை பிடிக்க இடமில்லை. சாயனம் பருவத்தைப் பிடித்துக்கொண்டது, நட்சத்திரத்தைக் கைவிட்டது. கார்த்திகை மீன்கூட்டம் அந்தக் கணக்கில் இன்று மிதுனத்தின் வாசலில் நிற்கிறது. நிராயனம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டது, பருவம் நழுவுகிறது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல். நாம் உத்தராயணம் என்று பொங்கல் வைப்பது மூன்று வாரத்துக்கும் மேல் கழித்து, தை முதலாம் நாளில். கத்தோலிக்கத் திருச்சபையும் இதே சிக்கலைச் சந்தித்தது. 1582இல் பாப்பரசர் கிரகோரி பத்து நாட்களை நாட்காட்டியிலிருந்து நீக்கி, சமநாளை மார்ச் 21க்குக் கொண்டுவந்தார். இஸ்லாமியரின் சந்திர வருடம் பருவத்தோடு பிணைக்கப்படவே இல்லை. ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே வரும். மன்னாரில் இந்த மூன்று கணக்கும் அடுத்தடுத்த வீடுகளில் நடக்கின்றன.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழர் "என் ராசி" என்றால் பிறக்கும்போது சந்திரன் நின்ற ராசி. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள் ஆகும். மேற்கத்தியர் சொல்வது சூரியன் நின்ற ராசி, அதற்கு ஒரு மாதம். சிங்கள நண்பர்களோ பெரும்பாலும் லக்னத்தைச் சொல்வார்கள்; அது ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை மாறும். ஆங்கில ராசிபலனைத் தமிழில் பெயர்த்து, இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

நிராயனத்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. விஞ்ஞானி மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஓர் அயனாம்சத்தை வரையறுத்தது. அது குழுவின் செயலாளர் லாகிரியின் பெயரால் வழங்குகிறது. பெங்களூர்ச் சோதிடர் பி. வி. இராமன் வகுத்தது அதிலிருந்து சுமார் ஒன்றரைப் பாகை விலகும். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் சந்திரன் ஒன்றரைப் பாகை மாறினால், 20 வருடச் சுக்கிர தசையின் இருப்பு இரண்டு வருடத்துக்கு மேல் மாறிவிடும்.

இனி வாக்கியத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும் வீட்டுக்கு வீடு தெரிந்தவை. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டு விதமாகப் பத்திரிகைகள் போடுவதும் நமக்குப் பழக்கம். திருக்கணிதம் என்பது வானில் காண்பதோடு ஒத்துப்போகத் திருத்திய கணிதம். வாக்கியம் என்பது மனப்பாடம் செய்த கணிதம். சந்திரனின் 248 நாள் இயக்கத்தை, எழுத்துக்களை எண்களாகக் கொண்ட 248 சிறு தொடர்களில் அடக்கிவைத்தார்கள். 1825இல் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோகிகளைப் பரப்பி, நகர்த்தி, நினைவிலிருந்தே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அருகிலிருந்து எழுதிவைத்தவர் ஜோன் வாரன் என்ற ஐரோப்பியர். கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடம்தான் பிசகியது. முடிவு 52 நிமிடம் பிசகியது. காகிதம் இல்லை, எழுதுகோல் இல்லை. அந்த வித்தைக்குத் தலைவணங்கத்தான் வேண்டும்.

ஆனால் பிழை பிழைதான். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணத்துக்கு அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் குறித்த நேரமும், வட்டுக்கோட்டை செமினரியின் கிறிஸ்தவ மிஷனரி டானியல் பூவர் கணித்த நேரமும் கால் மணி வேறுபட்டன. ஊர்ச்சனம் கூடிப் பார்த்தது. பூவர் சொன்னபடியே கிரகணம் பிடித்தது. அதை மதங்களின் வெற்றி தோல்வியாக அன்று பேசினார்கள். உண்மையில் புது அளவைகள் பழைய அளவைகளைத் திருத்தின, அவ்வளவே. திருத்துவது மரபுக்கு விரோதமும் இல்லை. கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டு கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு பிசகுவதைக் கண்டு, 1431இல் திருக்கணிதம் என்ற நூலை எழுதினார். வாக்கியக்காரர் காக்க வேண்டியது அவர் காட்டிய வழியையே. சனியை ஏறத்தாழ ஒரு வருடம் பின்னால் நிறுத்தும் அட்டவணையைத் திருத்தத்தான் வேண்டும்.

பலன் சொல்வது வேறு விஷயம். இலங்கையில் எழுந்த பழைய தமிழ் நூல்களில் முன்னிற்பது ஒரு சோதிட நூல்: 1310இல் தம்பதெனியா அரசவையில் போசராச பண்டிதர் அரங்கேற்றிய சரசோதிமாலை. அத்தனை பழைய நம்பிக்கையைப் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1985இல் இயற்பியலாளர் ஷோன் கார்ல்சன் மேற்கத்திய முறையைச் சோதித்து நேச்சர் இதழில் வெளியிட்டார். வானியலாளர் ஜயந்த் நார்லிகர் குழுவினர் புனேயில் நம் முறையைச் சோதித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளின் சாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் சாதகங்களையும் கலந்து கொடுத்து, பிரித்துச் சொல்லக் கேட்டார்கள். 27 சோதிடர்கள் சொன்னதில் சரியானவை 46 வீதம். நாணயத்தைச் சுண்டினாலும் பாதி சரியாகும். கார்ல்சனின் சோதனையிலும் முடிவு வெறும் ஊகத்தைவிட மேலாக இல்லை.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளுக்குச் செவ்வாய் தோஷம், பொருத்தமில்லை என்று சாத்திரியார் குறிப்பை மடித்துத் தந்தால், எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம் என்று கேளுங்கள். கட்டத்தில் செவ்வாய் ராசி எல்லையில் அமைந்திருந்தால் அடுத்த பஞ்சாங்கத்தில் அந்தத் தோஷமே இல்லாமல் போகலாம். கணிதர்களே தங்களுக்குள் உடன்படாத ஓர் எல்லைக்கோட்டை வைத்து ஒரு பெண்ணின் கலியாணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.