நோன்பு நேரத்தில் ஒரு துளி இரத்தம்

(ரமலானை முன்னிட்டு நம் பள்ளிவாசல் வளாகத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2019ஆம் ஆண்டின் ரமலான் அக்னி நட்சத்திர வெயிலில் வந்தது. ஒரு நாள் அஸர் தொழுகைக்கு வந்த பெரியவர் ஒருவர் ஹவ்லின் படியில் தடுமாறி விழுந்தார். உடல் முழுவதும் வியர்வை, பேச்சு குழறிற்று. வெயில் மயக்கம் என்றே நாம் எண்ணினோம். துண்டால் விசிறினோம், முகத்தில் நீர் தெளித்தோம். நோன்பாளியின் வாயில் எதையும் வைக்க எவருக்கும் துணிவு வரவில்லை. கால் மணி நேரம் இவ்வாறு கழிந்த பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே அவருடைய இரத்தச் சர்க்கரை 38 என்று காட்டிற்று. உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பின்னர் அவர் நடந்து பள்ளிக்கு வரவே இல்லை.

அவர் வீட்டு அலமாரியில் குளுக்கோமீட்டர் ஒன்று இருந்தது. துபாயிலிருந்து மகன் வாங்கி அனுப்பியது. விரலில் குத்தி இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று அஞ்சி, ரமலான் பிறந்தது முதல் அவர் அதைத் தொடவில்லையாம். நாம் மருத்துவர்கள் அல்லர். எனினும் அன்று கைபிசைந்து நின்றவர்கள் என்ற முறையில், இக்கருவியைப் பற்றிப் பின்னர் கேட்டும் படித்தும் அறிந்ததை உங்கள் முன் வைக்கிறோம்.

இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் இக்கருவி, 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலில் விற்பனைக்கு வந்தபோது ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டிருந்தது. மருத்துவர்களுக்கு மட்டுமே அதனை விற்றனர். நோயாளி தம் அளவைத் தாமே பார்ப்பது தேவையற்றது என்ற எண்ணம் அன்று இருந்தது. சிறு வயது முதல் நீரிழிவால் வருந்திய ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்னும் பொறியாளர், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி, நாள்தோறும் பலமுறை தமக்குத் தாமே சோதித்துக் கொண்டார். எந்த உணவு, எந்த மருந்து, எந்த வேளையில் அளவை எங்கே கொண்டு போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. பிற்பாடு அவரே மருத்துவம் படித்து மருத்துவரானார். வீட்டிலேயே சோதிக்கும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவர் அரும்பாடுபட்டுப் பெற்ற கருவி இன்று நம் தெருமுனை மருந்துக் கடையில் கிடைக்கிறது. நாமோ அதை அலமாரியில் பூட்டி வைக்கிறோம்!

ரமலானில் இதன் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 2004ஆம் ஆண்டு வெளியான எபிடியார் என்னும் ஆய்வு, 13 நாடுகளில் நீரிழிவு உள்ள 12,243 முஸ்லிம்களிடம் விவரம் திரட்டியது. மருத்துவமனையில் சேர்க்க நேரும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் மற்ற மாதங்களைவிட ரமலானில் ஏழரை மடங்கு அதிகம் என்று அதில் தெரிய வந்தது. இன்சுலினும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. நம் பெரியவர் காலை மாத்திரையை அதே அளவில் ஸஹருக்கு மாற்றிக்கொண்டார், மருத்துவரைக் கேட்கவில்லை. அளவை மாற்றித் தரவேண்டியவர் மருத்துவரே. ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே அவரைப் பார்ப்பது நல்லது. இவர் நோன்பு வைக்கலாமா, கூடாதா என்பதும் அங்கேதான் தெளிவாகும்.

“உடம்பு சொல்லிவிடும், கருவி எதற்கு?” என்று கேட்போர் உண்டு. பல ஆண்டுகள் நீரிழிவு உள்ளவர்களுக்கு உடம்பு சொல்வது குறைந்துகொண்டே வரும். இரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ சில மாத்திரைகளை உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலே போகலாம். நோன்பின் சோர்வு எது, சர்க்கரை தாழ்ந்ததால் வரும் சோர்வு எது என்று அஸர் வேளையில் எவரால் பிரித்தறிய இயலும்?

விரல் நுனியில் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதை மார்க்க அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். ஐயம் உள்ளவர்கள் நம் ஹஸ்ரத் அவர்களிடமே கேட்டுக் கொள்ளலாம். ஸஹருக்கு முன், முற்பகலில், நண்பகலில், அஸர் வேளையில், நோன்பு திறக்குமுன், திறந்து இரண்டு மணி நேரம் கழித்து என்று மருத்துவ வழிகாட்டிகள் வேளைகளைக் குறிப்பிடுகின்றன. ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை என்பதை மருத்துவர் சொல்வார். எப்படியாயினும், உடல் சரியில்லை என்று தோன்றும் நொடியில் பார்த்துவிட வேண்டும். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டி இரண்டு எண்களைத் தருகிறது. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும்.

இவ்விடத்தில்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள். 66 என்று கண்ட பிறகும், மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தானே என்று பொறுத்திருந்த ஒருவரை நாம் அறிவோம். அந்த முக்கால் மணி நேரத்தில் அளவு எங்கே போகும் என்பது எவருக்கும் தெரியாது. கருவியும் துல்லியமானதன்று. 100க்குக் கீழுள்ள அளவுகளில் 15 வரை கூடவோ குறையவோ காட்ட உலகத் தர விதிகளே இடமளிக்கின்றன. 72 என்று காட்டும்போது உண்மை அளவு 60ஆகவும் இருக்கலாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வெட்கத்துக்குரியதாக நாம் ஆக்கிவிட்டோமோ என்ற வருத்தம் நமக்கு உண்டு. பள்ளியில் ஒருவர் நேரத்துக்கு முன் நோன்பை விட்டால், ஏன் என்று துருவிக் கேட்கும் பழக்கத்தை நாம் விட்டொழித்தாக வேண்டும்.

புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் புதுவகைக் கருவி பற்றியும் பலர் கேட்டனர். தோலுக்கடியில் உள்ள திரவத்திலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவெடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பும். தாழ்ந்தால் ஒலியெழுப்பும் வகைகளும் உண்டு. வெளிநாட்டில் உள்ள மகன் கூடத் தன் கைப்பேசியில் தாயின் அளவைக் காணலாம். ஆயினும் இரத்தத்தில் நேரும் மாற்றம் அதில் சில நிமிடங்கள் பிந்தியே தெரியும். ஏறக்குறைய இரு வாரம் உழைக்கும் ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. அடிக்கடி சர்க்கரை தாழ்வோருக்கு அது பயன்தரும். மற்றவர்களுக்குப் பழைய குளுக்கோமீட்டரே போதும் என்பது நம் கருத்து.

கை கழுவாமல் சோதிக்க வேண்டாம். பேரீச்சம்பழம் தொட்ட விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பு, அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டிவிடும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி விட்டால் ஈரக்காற்று பட்டு அவை கெட்டுப்போகும். காலாவதித் தேதியையும் பாருங்கள். அளவையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எவரேனும் நம்மெதிரே தடுமாறினால், நினைவோடு விழுங்கக் கூடியவராயின் மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். உடனே 108க்கு அழையுங்கள்.

இவ்வாண்டு பள்ளி அலுவலகத்தில் குளுக்கோமீட்டர் இரண்டும் சர்க்கரை டப்பா ஒன்றும் வைத்துள்ளோம். லுஹர் முதல் மஃரிப் வரை குழுவினர் ஒருவர் அங்கே இருப்பார். பெண்களுக்கு மதரஸா அறையில் தனி ஏற்பாடு உண்டு. விரலில் குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்று. பயன்படுத்தியதை மறுமுறை எடுப்பதில்லை. கட்டணம் ஏதுமில்லை. வீட்டில் கருவி இருந்தும் பயன்படுத்தத் தெரியாதவர்கள், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அதைக் கையோடு எடுத்து வாருங்கள்.