அடுப்பும் வாசலும்

தோழர்களே, சிதம்பரத்துல நெருப்புல எறங்கித்தான் நந்தன் உள்ள போனான்னு பெரியபுராணம் சொல்லுது. அது ஆசாரம், அதன் கொடுமை நமக்குத் தெரிந்ததே. வடலூரைப் பாருங்கள். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் சாதி கேட்காமல் சோறு போடுகிறது. 1872இல் திறந்த சத்திய ஞானசபையிலோ புலால் உண்பவருக்கு உள்ளே இடமில்லை. புலால் உண்பதற்கு அங்கே பெயர் 'புலை'. நந்தன் பிறந்த சேரியைச் சேக்கிழார் சொன்னதும் 'புலைப்பாடி'. உயிரிரக்கமே ஆளைப் பிரிக்கிறது!

நம்ம கதை என்ன? சாவுக்குப் பறையடிக்க மறுக்கிறோம், நியாயம். கூலிக்குப் போன கிழவரைத் தெருவுல நிறுத்தி ஏசினால் அது விடுதலையா? ஏச்சு, அடிக்கச் சொன்ன ஊர்க்காரனுக்கு. கிழவருக்கு வேண்டியது வேறு கூலி.